சத்தமில்லாத காரும் சதுப்புக் காடும்

என் தம்பி இந்த ஃபிஜி நாட்டை விட்டுப் போனது, வீட்டில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஒரு காலத்தில். அது இரண்டாயிரமாம் ஆண்டு. துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்தவர்கள் பிரதமரையும் மந்திரிகளையும் உள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். தலைநகர் சுவாவில் இந்தியர்களான நம்மவர் கடைகளை உடைத்து, அள்ளிக்கொண்டு, தீ வைத்திருந்தார்கள். அப்புறம் மலைமேல் இருக்கும் அணைக்கட்டை அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தீவுக்கு வெளிச்சம் பெரும்பாலும் அந்த அணைத் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. "எங்க காட்டை முழுகடிச்சீங்களே, எங்களுக்கு என்ன குடுத்தீங்க?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்று இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று ஃபிரிட்ஜில் இருந்த கறி கெட்டுப்போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் அப்போதும் இப்போதும் இருப்பது நசினுவில். சுவாவில் வேலை பார்க்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு குடியிருக்கும் பகுதி. கொஞ்ச தூரத்தில் டீசலில் ஓடும் ஒரு மின்நிலையம் உண்டு. அணை நின்றுபோனதும் அதன் எஞ்சின்கள் ஓயாமல் உறுமின. கொடியில் காயப்போட்ட துணியை எடுத்தால் விரலில் கரி ஒட்டும். தம்பி வெள்ளைச் சட்டை போட்டு ஆபீசுக்குப் போகிறவன். காலரைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா, இந்த ஊர்ல மூச்சு விடவும் முடியல, மானமா இருக்கவும் முடியல. நான் போயிடறேன்."

நானும் தம்பியும் பேசிக்கொள்ளும்போது மட்டும் தமிழ். எங்கள் அப்பா கோயிலில் பாடுகிறவர், அடித்தாவது எங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். என் கணவரும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவர் வாயில் ஃபிஜி இந்திதான் வரும். பக்கத்து வீட்டுப் பூர்வகுடி ஃபிஜிக்கார அம்மாவும் எங்களோடு அந்த இந்தியில்தான் பேசுவாள். அவளை நான் மராமா என்று கூப்பிடுவேன். ஃபிஜிக்காரர்கள் மரியாதையாக அம்மா என்று சொல்லும் வார்த்தை அது. அவளுக்கு நான் தீதி, இந்தியில் அக்கா.

என் கணவர் டாக்சி ஓட்டினார். கரும்புகை கக்கும் ஒரு பழைய டீசல் கார். சுவா எரிந்த அன்று, வழியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சந்து சந்தாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்த முடியாது. டாக்சி நிற்கிறது என்றால் உள்ளே இந்தியர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மராமா தன் வீட்டுக்குப் பின்னால் காரை விடச் சொன்னாள். மேலே பாய்களை விரித்தாள், பாய்கள்மேல் ஈரத் துணிகளைப் போட்டாள். அப்புறம் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். ரோட்டில் கத்திக்கொண்டு போன பையன்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் அப்படியே கீழே போய்விட்டார்கள்.

தம்பி நியூசிலாந்துக்கு மனுப் போட்டபோது எங்களையும் போடச் சொன்னான். என் கணவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அந்த அம்மா காரை ஒளிச்சு வச்ச இடத்தை விட்டுட்டு நான் எங்க போறது, மச்சான்?"

"அது ஒரு அம்மா, மாமா. மத்தவங்க?"

"மத்தவங்களுக்காகவா நான் இங்க இருக்கேன்?"

தம்பி போனான். ஆறு வருடம் கழித்து ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது என் கணவரும் ஆடிப்போனார். அப்போது நாங்களும் மனுப் போட்டோம். அவருக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போக மனம் இல்லாதபோது கதவு திறந்திருந்தது. மனம் வந்தபோது சாத்தியிருந்தது.

அதற்கும் சில வருடங்கள் கழித்து ஹைபிரிட் கார்கள் வந்தன. பெட்ரோல் எஞ்சினோடு ஒரு பெரிய பாட்டரியும் சேர்ந்து ஓட்டும் கார். எல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்தவை. அரசாங்கம் அவற்றுக்குச் சுங்க வரியைக் குறைத்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ரோட்டோரம் கார் விற்க வேலி போட்ட இடத்தில் எல்லாம் பச்சை இலை வரைந்த போர்டு. பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ரேடியோவில் பெண் குரல் கொஞ்சியது.

தம்பி ஆக்லாந்திலிருந்து ஃபோன் செய்யும்போதெல்லாம் இதே பேச்சு. "அக்கா, மாமாவை அந்தப் பழைய டீசலைத் தூக்கிப் போடச் சொல்லு. அது விஷம். பூமி சூடாயிட்டு வருது. கடல் ஏறினா முதல்ல முழுகப்போறது உங்க தீவுதான்."

உங்க தீவு. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவன் பிறந்ததும் இந்தத் தீவில்தான்.

ஆனாலும் அவன் பணம் அனுப்பி உதவினான், என் கணவரும் ஒரு ஹைபிரிட் வாங்கினார். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பாதி பெட்ரோலில் ஓடியது. காலையில் அவர் வண்டியை எடுத்தால் வீட்டுக்குள் புகை வராது. வருடக்கணக்காக எனக்கிருந்த வறட்டு இருமல் நின்றேபோனது. ட்ராஃபிக் லைட்டில் எஞ்சின் தானாக அணைந்துவிடும். கிழவர் ஒருவர் கார் நின்றுபோச்சு என்று நினைத்துப் பாதி ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாராம். மராமா ஒரு நாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள், கார் பின்னால் வந்து நின்றது தெரியாமல் திரும்பி, துடைப்பத்தைப் போட்டுவிட்டாள்.

"தேவோரோ மாதிரி வருதே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேவோரோ என்றால் அவர்கள் பாஷையில் பேய்.

இரண்டாம் வருடம் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட்டின் ஓரத்தில் பாட்டரிக்குக் காற்று போவதற்கு ஒரு சின்னத் திறப்பு உண்டு. ஜப்பானில் அந்த சீட்டில் யார் உட்கார்ந்தார்களோ தெரியாது. எங்கள் டாக்சியில் மார்க்கெட்டுக்குப் போகிற தாலோக் கிழங்கு மூட்டையும் ஈரம் சொட்டும் மீன் கூடையும்தான் உட்காரும். மண் புகுந்தது, உப்புத் தண்ணீர் புகுந்தது, எங்கள் ஊர் வெயில் புகுந்தது. விற்றவனிடம் போனால், பாட்டரிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றான். புதுப் பாட்டரி வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து வரவேண்டும், அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம் என்றான்.

சாற்றை அவர்கள் குடித்துவிட்டார்கள், எங்களுக்குச் சக்கையை அனுப்பியிருக்கிறார்கள். கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றி வந்த நாட்டில் பிறந்தவளுக்கு இதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ரோடு முடியும் இடத்தில், ஓடை சதுப்பில் கலக்கும் ஓரத்தில், ஒரு மெக்கானிக் ஷெட் போட்டிருந்தான். நம்மவன்தான், கெட்டிக்காரன். அடிபட்ட கார்களின் பாட்டரிகளைப் பிரித்து, உள்ளே செங்கல் மாதிரி இருக்கும் கட்டைகளில் உயிர் உள்ளவற்றை மட்டும் எடுத்துச் சேர்த்து மாட்டிக்கொடுப்பான். எங்கள் கார் அப்படிச் சில மாதம் ஓடும், மறுபடி விளக்கு எரியும், என் கணவர் மறுபடி அவனிடம் போவார். ஊரில் பாதி டாக்சி அவனிடம்தான் வந்தது. செத்த கட்டைகளை ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கிவைத்தான். சாதாரண கார் பாட்டரி என்றால் பழைய இரும்புக்காரன் ஓடி வந்து வாங்குவான், அதில் ஈயம் இருக்கிறது. இதை யாரும் தொடவில்லை. அடுக்கு என் இடுப்பளவு வந்தது, பிறகு தோளளவு.

மராமாவுக்கு அந்தச் சதுப்புக் காடுதான் மார்க்கெட். தண்ணீர் இறங்கினதும் அவளும் இன்னும் சில பெண்களும் முழங்கால் சேற்றில் நடந்து, மர வேருக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பார்கள். சனிக்கிழமை நவுசோரி மார்க்கெட்டில் விற்பாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வரும். அவள் ஒரு தடவை மெக்கானிக்கிடம் கேட்டாள், நான் கூட இருந்தேன்.

"இதெல்லாம் எப்ப எடுப்ப?"

"எடுப்பேன், மராமா. கப்பல்ல வெளிநாட்டுக்கு அனுப்பணும். ஆள் பாத்துட்டு இருக்கேன்."

வெளிநாட்டுக்குப் போனது அவன்தான். ஆஸ்திரேலியாவில் மெக்கானிக்குகளுக்குத் தட்டுப்பாடாம். விசா வந்த மாதமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். ஷெட்டின் தகரத்தைக்கூட விற்றுவிட்டான். பாட்டரிகள் மட்டும் வானம் பார்த்துக் கிடந்தன. கோபப்பட்டேனே தவிர, அவனைத் தனியாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்த ரோட்டில் எத்தனை வீடு அப்படிக் காலியாகியிருக்கிறது! போகிறவர்கள் நல்லதை விற்றுவிட்டு, விற்க முடியாததை எங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் நாயை விட்டுப் போவார்கள், சிலர் வயதான அப்பாவை. இவன் பாட்டரியை விட்டுப் போனான்.

அந்த வருடப் புயல் மழைக் காலத்தில் ஓடை பெருகியது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால், அடுக்கில் பாதி இல்லை. சேற்றில், வேர்களுக்கு நடுவில், கறுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் செங்கல் செங்கலாகக் கிடந்தது. கவுன்சிலுக்கு ஃபோன் செய்தேன். அது தனியார் இடம் என்றார்கள். குப்பை கொட்டும் கிடங்குக்குக் கேட்டேன். அந்த மாதிரிப் பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். சுற்றுச்சூழல் ஆபீசில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, ஆள் அனுப்புகிறோம் என்றாள். யாரும் வரவில்லை.

"வா தீதி, நாமளே எடுப்போம்," என்றாள் மராமா.

நாங்கள் உரச் சாக்குகளை எடுத்துக்கொண்டு போனோம். என் கணவர் கரையில் நின்று வாங்கிவைத்தார். என் கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை இருந்தது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள், உறை போட்டால் சேற்றில் என்ன தட்டுப்படுகிறது என்று விரலுக்குத் தெரியாதாம். பல கட்டைகள் வெடித்து, ஓரத்தில் வெள்ளை உப்பாகப் பூத்திருந்தன. வேலை ஏறக்குறைய முடிந்தபோது அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

"வழவழங்குது. சோப்பு தடவின மாதிரி."

வலிக்கவில்லை என்றாள். கரைக்கு வந்து கழுவினோம், வழவழப்பு போகவில்லை. அதற்குப் பிறகுதான் வலி ஆரம்பித்தது. தோல் வெளுத்து உரிந்தது. அந்த அம்மா கத்தி நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். எங்கள் கார் மறுபடி சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோயிருந்தது. பாட்டரி செத்தால் அந்தக் காரில் எஞ்சினும் ஓடாது. ரோட்டுக்கு ஓடிப் போய் ஒரு மினிபஸ்ஸை நிறுத்தி, அவளை ஏற்றினோம். சுவா ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் கையைத் தண்ணீர் வாளியில் முக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். பாட்டரிக்குள் இருக்கும் காரமும் அமிலம் போலவேதான் சுடும், ஆனால் இது வலிக்காமல் மெதுவாக உள்ளே போகும் என்றார் டாக்டர்.

கை பிழைத்தது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. வேருக்குள் கைவிட்டு நண்டைப் பிடிக்க அந்த விரல்கள் வேண்டும். விரல் நன்றாக இருந்திருந்தாலும் அந்தப் பக்கம் பிடித்த நண்டை ஊரில் யாரும் வாங்கத் தயாராக இல்லை. மற்றப் பெண்கள் தூரத்துச் சதுப்புக்குப் போனார்கள். இவளால் முடியவில்லை.

எடுத்த பாட்டரிகளை எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் பலகைமேல் அடுக்கி, தார்பாலின் போட்டு மூடினோம். அந்த வருடக் கடைசியில் தம்பி வந்தான். என் கணவர் இரவல் வாகனம் ஒன்றை எடுத்துக்கொண்டு நாந்தி ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் பஸ் புகைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தானாம். வீட்டில் உட்கார்ந்ததும் ஃபோனில் தன் புதுக் காரைக் காட்டினான். முழுக்க மின்சாரம். எஞ்சினே கிடையாது.

"சொட்டுப் பெட்ரோல் இல்ல அக்கா. புகையே இல்ல. பிள்ளைங்க ரொம்பப் பெருமைப்படுதுங்க."

"முன்னாடி வச்சிருந்த ஹைபிரிட் என்னாச்சு?"

"அதைக் கடையில குடுத்துட்டுத்தான் இதை எடுத்தேன்."

"கடைக்காரன் அதை என்ன பண்ணினான்?"

"வித்திருப்பான். எனக்கென்ன தெரியும்?"

நான் அவனை வெளியே கூட்டிப்போய்த் தார்பாலினைத் தூக்கிக் காட்டினேன். மராமாவின் கையைப் பற்றியும் சொன்னேன். அவன் முகம் வாடியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"இது காரோட தப்பு இல்ல அக்கா. இங்க ஒழுங்கா எடுக்க ஆள் இல்ல, சட்டம் இல்ல, அதோட தப்பு. எங்க ஊர்ல பாட்டரியைத் திருப்பி வாங்கிக்குவாங்க."

"உங்க ஊர்ல செத்தா வாங்குவாங்க. சாகறதுக்கு முன்னாடியே இங்க அனுப்பிடறீங்களே!"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? எல்லாரும் மறுபடி டீசலுக்குப் போகணுமா? உன் இருமல் நின்னது பொய்யா? கடல் ஏறுறது பொய்யா?"

"உன் காருக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?"

"ஆத்துத் தண்ணியில. சுத்தமான கரண்ட்."

"இங்கயும் தண்ணி கரண்டுதான். அந்த மலைக்காரங்க என்ன கேட்டாங்கன்னு மறந்துட்டியா? அதைப் பாத்துட்டுத்தானே நீ ஓடின?"

ஓடின என்று சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன், திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இத்தனை வருடமாகத் தொண்டையில் இருந்த வார்த்தை அது. கணக்குப் போட்டால் அவன் பக்கம் நியாயம் இருக்கலாம். உலகம் முழுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் புகை குறைந்திருக்கலாம். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அந்தத் தட்டில் எங்கள் ஓடையை யாராவது வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

சத்தம் கேட்டு மராமா வேலியோரம் வந்து நின்றாள். தமிழ் அவளுக்குப் புரியாது. என்ன சண்டை என்று கேட்டாள். தம்பி இந்தியில் சொன்னான். பெட்ரோலால் கடல் ஏறுகிறது, அதனால்தான் இந்தக் கார்கள் வந்தன, உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் என்றான். கடல் ஏறுவது அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த ஊரில் இடுகாட்டுக்குள் அலை புகுந்ததால், எலும்புகளைத் தோண்டி எடுத்து மேட்டில் புதைத்திருக்கிறார்கள். அவள் அப்பாவின் எலும்பும் அதில் உண்டு.

"ரெண்டும் எங்க வாசலுக்குத்தான் வருது," என்றாள். "கடலும் வருது. பாட்டரியும் வருது. நீ போறப்ப இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போயேன் தம்பி. உங்க ஊர்லதான் வாங்கிக்குவாங்களே."

தம்பி சிரிக்கப் பார்த்தான். விமானத்தில் விடமாட்டார்கள் என்றான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. இருந்த மீதி நாட்களில் நாங்கள் சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றியே பேசினோம். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை.

சில மாதம் கழித்து ஃபோன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, விசாரிச்சேன். அந்தப் பழைய காரை டோங்காவுக்கு அனுப்பிட்டாங்களாம்."

டோங்கா எங்களைவிடச் சின்னத் தீவு. அவனே ஒப்புக்கொண்டால் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

என் கணவர் காரை உதிரிச் சாமானுக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு பாட்டரியை மட்டும் எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனான். நான் டைப்பிங் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையில் இப்போது அவர் டீசல் லாரி ஓட்டுகிறார். எனக்கு இருமல் திரும்பி வந்துவிட்டது. அந்த டீசல் மின்நிலையத்தை ஒட்டிய ரோட்டில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் கட்டப்போகிறார்களாம், போர்டு வைத்திருக்கிறார்கள். போன வாரம் காற்று பலமாக அடித்தது. மராமா ஒரு கையால் தார்பாலினைப் பிடித்துக்கொண்டாள், நான் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினேன்.